இரு வெள்ளங்களுக்கு இடையே

பனி நாடும் மழை நாடும்

வடதுருவத்தை அடுத்த நாடுகளில் மார்கழியும் தையும் பனியின் காலமாகும். இரவெல்லாம் பெய்த பனி, பொழுது விடியும்போது வாசற்கதவை மூடி நிற்கும். அந்நாட்டுச் சிற்றூர்கள் இதைக் கண்டு திகைப்பதில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் சாலை முதலாவது, பெருஞ்சாலை அடுத்தது, குடியிருப்புத் தெருக்கள் அதற்கும் அடுத்தன என்று வரிசை வகுத்துக்கொண்டு பனியை அகற்றுவர். சாலை வழுக்காதிருக்க உப்பைத் தூவுவர். தன் வீட்டின் முன்னுள்ள நடைபாதையை வீட்டுக்காரரே துப்புரவு செய்ய வேண்டும் என்று விதி வகுத்த நகரங்களும் பல உண்டு. பனியை அகற்றும் வண்டியும் உப்பும் முதற்பனி விழுவதற்கு முன்பே ஆயத்தமாக இருக்கும். பனிக்காலத்திற்கான பாதுகாப்பு இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதே அவ்வூர்கள் கற்ற பாடம்.

ஜொகூர் மாநிலம் பனியை அறியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் அம்மண்ணில் ஆண்டு முழுதும் வெயிலும் மழையுந்தான். ஆயினும் வடநாட்டுப் பனிக்கும் ஜொகூருக்கும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது. சைபீரியாவிலும் வடசீனத்திலும் குளிர்ந்து கனத்த காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. தென்சீனக் கடலின் வெம்மையான நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலாயாத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை அடைந்ததும் மழையாகக் கொட்டுகிறது. இதுவே நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. அங்கே பனியாக விழச் செய்யும் அதே குளிரே இங்கே வெள்ளமாக வருகிறது எனல் மிகையாகாது. ஆகவே, பனிநாட்டுச் சிற்றூர் தன் பனியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் கேள்விக்கு இணையான கேள்வி ஒன்று ஜொகூரிலும் உண்டு. ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிறுநகரம் தன் மழைக்காலத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது? கோத்தா திங்கி, சிகாமட் ஆகிய இரு நகரங்களின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

ஆற்றை நம்பி எழுந்த ஊர்கள்

கோத்தா திங்கி என்னும் மலாய்ப் பெயருக்கு ‘உயர்ந்த கோட்டை’ என்பது பொருள். ‘கோத்தா’ என்னும் சொல் தமிழின் ‘கோட்டை’யோடு உறவுடையது என்பதைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். பெயரில் உயர்வு இருப்பினும், ஊர் அமைந்திருப்பது ஜொகூர் ஆற்றின் தாழ்ந்த கரையில்தான். பண்டை ஜொகூர் அரசின் தலைநகர்கள் பலவும் இவ்வாற்றின் கரைகளிலேயே அடுத்தடுத்து எழுந்தன. 1587ஆம் ஆண்டில் போர்த்துகீசியரால் அழிக்கப்பட்ட ஜொகூர் லாமா இவ்வாற்றங்கரைத் தலைநகரே. 1699ஆம் ஆண்டில் கொலையுண்ட சுல்தான் மாமுட் ஷாவின் கல்லறை இன்றும் கோத்தா திங்கியில் உள்ளது. சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஆறே நெடுஞ்சாலை, ஆறே அரண், ஆறே சந்தை. எனவே மன்னரும் வணிகரும் ஆற்றை விட்டு விலகி வாழ நினைக்கவில்லை.

சிகாமட்டின் பெயருக்கும் ஒரு கதை வழங்குகிறது. 1511ஆம் ஆண்டில் மலாக்கா வீழ்ந்தபின், தப்பி வந்த பெண்டாகாரா ஒருவர் இவ்வாற்றின் நீரைப் பருகி, ‘மிகவும் புத்துணர்வாக இருக்கிறது’ என்று மலாய் மொழியில் வியந்தாராம். ‘செகார் அமாட்’ என்ற அச்சொற்களே ஊர்ப்பெயராகத் திரிந்தன என்பர். கதை எத்துணை உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தாகம் தீர்த்த நீராலேயே ஊர் பெயர் பெற்றது என்று மக்கள் நம்பினர் என்பதே இங்குக் கருதத்தக்கது. அந்தச் சிகாமட் ஆறு நகரின் நடுவே ஓடி மூவார் ஆற்றில் கலக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றோரங்களில் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். ஆற்று முகப்புக்கு உரிமை பெற்ற தலைவரைக் ‘காங்சு’, அதாவது ஆற்றுத்தலைவர், என்றே அழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றதும் சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழர் வந்தனர். தோட்டங்களில் துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டில் இருந்தது. தொழிலாளரின் லயங்கள் பள்ளத்தை ஒட்டி இருந்தன. மழை நீடித்தால் பால்மரம் சீவ முடியாது. வேலை இல்லையேல் கூலியும் இல்லை. ஆகையால் தோட்டத் தமிழருக்கு மழைக்காலம் என்பது வெள்ளம் வருவதற்கு முன்பே வறுமை வரும் காலமாக இருந்தது.

பின்னர்க் காடுகள் மேலும் அழிந்தன. 1972ஆம் ஆண்டில் தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது; கோத்தா திங்கி மாவட்டத்தின் பெருங்காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறின. குடியேறியோருக்கு நிலமும் வாழ்வும் கிடைத்தன என்பது உண்மையே. எனினும் மழைநீரை உறிஞ்சித் தேக்கி, சிறுகச் சிறுக ஆற்றுக்கு அனுப்பிய காடு போயிற்று. நீர் விரைந்து ஓடியது. மண்ணையும் அரித்துச் சென்று ஆற்றின் வயிற்றில் படியவிட்டது.

நாடு கற்ற பாடங்கள்

மலாயாவின் பழைய தலைமுறையினர் 1926ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தை நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். கிளந்தான் மக்கள் அதனைச் ‘செந்நீர் வெள்ளம்’ என்றே குறித்தனர். 1932ஆம் ஆண்டில் நீர்ப்பாசன வடிகால் துறை தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் அதன் முதன்மை நோக்கம் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதும் தோட்ட நிலங்களின் நீரை வடிப்பதுமே ஆகும். நகரங்களை வெள்ளத்திலிருந்து காப்பது என்னும் கடமை அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணமாக அமைந்தது 1971ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளம். தலைநகரான கோலாலம்பூரே நீரில் மூழ்கிய அந்நாட்களில், பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம் அமைந்தது. 1972 முதல் வெள்ளத் தணிப்பு, நீர்ப்பாசன வடிகால் துறையின் பொறுப்பாயிற்று. 1993ஆம் ஆண்டில் கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்து விழுந்தபின், பேரிடர்க் காலங்களில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை 1997இல் பிறந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் கிளந்தானை அழித்த வெள்ளத்தையடுத்து, 2015ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நட்மா’ எனப்படும் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டது. இவ்வரிசையை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வோர் அமைப்பும் ஓர் அழிவின் பின்னே பிறந்திருக்கிறது.

மூன்று வாரங்கள்

ஜொகூரின் வெள்ள வரலாற்றில் 2006ஆம் ஆண்டின் இறுதியும் 2007ஆம் ஆண்டின் தொடக்கமும் தனி அத்தியாயமாகும். 2006 டிசம்பர் 19ஆம் நாளையொட்டி மாநிலத்தில் இடைவிடாப் பெருமழை பெய்தது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் நீரில் மூழ்கின. கடைகளின் மேல்மாடிகளில் மக்கள் தஞ்சம் புகுந்தனர். படகுகள் தெருக்களில் ஓடின.

சில நாட்களில் நீர் வடிந்தது. மக்கள் வீடு திரும்பினர். சுவரில் சேற்றுக்கோடு, தரையில் முழங்கால் அளவு சகதி, ஊறிப்போன மெத்தை, கறுத்துப்போன அரிசி. இத்தனையையும் வாரிக் கொட்டி வீட்டைக் கழுவினர். டிசம்பர் 31ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி ஆண்டு தொடங்கியது. பிள்ளைகளுக்குப் புதிய சீருடையும் நூல்களும் வாங்கினர். கடைக்காரர்கள் கடன் பட்டுப் புதிய சரக்கை அடுக்கினர். ஆபத்து கடந்துவிட்டது என்றே ஊர் நம்பியது.

ஆபத்து கடக்கவில்லை. பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஜனவரி 12ஆம் நாளையொட்டி இரண்டாம் அலை வந்தது. முதல் வெள்ளத்தால் மண் ஏற்கெனவே நீரை உண்டு நிறைந்திருந்தது. இனி உறிஞ்ச அதற்கு இடமில்லை. மேல்நிலங்களின் நீர் முழுதும் ஆற்றுக்கே வந்தது. கோத்தா திங்கியை அடுத்து ஆறு கடலை நெருங்குவதால், கடல் ஏற்றம் உள்ள வேளையில் வெள்ளம் வடிய வழியின்றித் தேங்கும். இவை யாவும் சேர்ந்து, 1950ஆம் ஆண்டு முதல் பதிவாகியிருந்த எந்த அளவையும் மிஞ்சி ஆறு உயர்ந்தது. புதிதாக வாங்கிய மெத்தையும், புதிய சரக்கும், பிள்ளைகளின் புதிய நூல்களும் நீரோடு போயின. பொங்கற் பானை ஏற்ற வேண்டிய நாளில் பல குடும்பங்கள் துயர் துடைப்பு மையங்களில் வரிசையில் நின்று உணவு பெற்றன.

இரண்டு அலைகளிலும் ஜொகூரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 18 உயிர்கள் பறிபோயின. இழப்பு ஏறத்தாழ 150 கோடி வெள்ளி என மதிப்பிடப்பட்டது. எனினும் அவ்விரு வெள்ளங்களின் கொடுமையைத் தொகைகள் உணர்த்தா. ஒருமுறை அழிந்ததை மீண்டும் கட்டியவன், கட்டிய கையின் ஈரம் உலருமுன் அதுவும் அழியக் கண்டான் என்பதே அக்கொடுமை. வீட்டைக் கழுவியதோடு வெள்ளம் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது என்னும் பாடத்தை அந்த மூன்று வாரங்கள் கற்பித்தன. பருவக்காற்று ஓயும்வரை காவலும் ஓயலாகாது.

காவலின் ஒழுங்கு

அதன்பின் ஆற்றங்கரை நகரங்களின் ஆயத்தம் பெரிதும் செம்மைப்பட்டது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மாவட்ட அதிகாரியின் தலைமையில் பேரிடர் மேலாண்மைக் குழு கூடுகிறது. ஊராட்சி மன்றம் வடிகால்களிலும் மதகுகளிலும் அடைபட்ட குப்பையை அகற்றுகிறது. நீர்ப்பாசன வடிகால் துறை ஆற்றில் வீழ்ந்து கிடக்கும் மரங்களை நீக்குகிறது. அபாயச் சங்குகள் ஒலிக்கின்றனவா என்று சோதிக்கிறது. பொதுத் தற்காப்புப் படையும் தீயணைப்பு மீட்புப் படையும் படகுகளைச் செப்பனிடுகின்றன. சமூகநலத் துறை அரிசி, போர்வை, பாய், குழந்தைகளுக்கான பால்மாவு ஆகியவற்றைச் சாலை துண்டிக்கப்படக்கூடிய இடங்களுக்கு அப்பால் முன்னதாகவே கொண்டு சென்று வைக்கிறது.

ஆற்றின் உயரத்தை நான்கு நிலைகளாக வகுத்துள்ளனர். இயல்பு நிலை, விழிப்பு நிலை, எச்சரிக்கை நிலை, அபாய நிலை என்பன அவை. அளவுக்கருவிகள் தரும் செய்தி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. எச்சரிக்கை நிலையை ஆறு தொட்டால், முதியோர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோரை முதலில் இடம் பெயர்ப்பதே முறை. பனிநாட்டுச் சிற்றூர் மருத்துவமனைச் சாலையை முதலில் திறப்பதற்கும் இதற்கும் கருத்தளவில் வேற்றுமை இல்லை.

இடம் பெயர்ந்தோர் எங்கே செல்வர்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்திற்கே செல்வர். மேட்டில் அமைந்த கட்டடம், பெரிய மண்டபம், நீர்க்குழாய், கழிப்பறை, சமைக்க இடம் ஆகிய இவ்வைந்தும் ஒருங்கே உள்ள இடம் சிற்றூரில் வேறொன்று அரிதாகவே கிடைக்கும். கரும்பலகை இருந்த அறையில் குடும்பங்கள் தங்குகின்றன; அன்று வரை பாடம் நடத்திய ஆசிரியர் அவர்களின் பெயரைப் பதிவு செய்ய உதவுகிறார். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் ஒரே உலையில் வெந்த சோற்றை உண்கின்றனர். பாடநூலில் எழுதப்படும் ஒற்றுமை அங்கே கண்கூடாகிறது.

நீர் வடிந்தபின் வேறொரு காவல் தொடங்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் பரவும் எலிக்காய்ச்சல், வெள்ளத்தைவிடச் சத்தமின்றி உயிர் கொள்ளும். காலணியும் கையுறையும் இன்றிச் சேற்றில் இறங்கலாகாது. நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். நனைந்த மின்கருவிகளைச் சோதிக்காமல் இயக்கலாகாது. இவ்வறிவுரைகள் எளியவை, மறப்பதும் எளிது. தீயணைப்பு வீரர்கள் நீரைப் பீய்ச்சிச் சாலைகளையும் பள்ளிகளையும் கழுவுகின்றனர். ஏனைய ஊர்களிலிருந்து தொண்டர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் ஏந்தி வருகின்றனர். பாதிக்கப்பட்ட குடும்பத்தலைவருக்கு அரசு அண்மை ஆண்டுகளில் 1,000 வெள்ளி உதவித்தொகை வழங்கி வருகிறது.

மீண்டும் மீண்டும்

2006-07 வெள்ளத்தை, வாழ்நாளில் ஒருமுறையே நேரக்கூடியது என்று எண்ணியோர் உண்டு. நான்கே ஆண்டுகளில், 2011 ஜனவரி இறுதியில், சிகாமட் மீண்டும் மூழ்கியது. ஜனவரி 30ஆம் நாள் லாபிஸ் வட்டாரத்துத் தெனாங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு நாளன்றே வெள்ளம் சூழ்ந்தது. பிப்ரவரி 3ஆம் நாள் சீனப்புத்தாண்டு. முந்தைய வெள்ளம் பொங்கலைப் பறித்தது. இவ்வெள்ளம் சீனர் திருநாளைப் பறித்தது.

2023ஆம் ஆண்டில் பருவக்காற்று ஓயவேண்டிய மார்ச்சு மாதத்திலேயே பெருமழை பெய்தது. சிகாமட், குளுவாங், பத்து பகாட் மாவட்டங்களில் வெள்ளம் பரவி, ஒரே வேளையில் 40,000 பேருக்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களில் தங்கும் நிலை வந்தது. யோங் பெங் வட்டாரத்தின் தாழ்ந்த நிலங்களில் நீர் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. எஸ்.பி.எம். தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வெள்ளத்திலிருந்து தப்பி வந்த மாணவர் தேர்வும் எழுத வேண்டியவராயினர்.

இங்கே கருதத்தக்க மாற்றம் ஒன்றுண்டு. முன்னாளில் பள்ளி ஆண்டு நவம்பரில் முடிந்து ஜனவரியில் தொடங்கியதால், டிசம்பர் வெள்ளத்தின்போது பள்ளிகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. மழை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் தள்ளிப் போகும்போது, ஒரே கட்டடம் வகுப்பறையாகவும் தங்குமிடமாகவும் இருக்க வேண்டியதாகிறது. கல்வியும் காவலும் ஒரே கூரைக்காகப் போட்டியிடும் நிலை இது. எதிர்காலத் திட்டங்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நினைவே கரை

வான்சிறப்பை நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், கெடுக்க வல்லதும் கெட்டாரைத் தாங்கி எடுக்க வல்லதும் மழையே என்னும் உண்மையை அறிந்திருந்தார். மழையை வாழ்த்திய தமிழர் அதற்கு அஞ்சவும் அறிந்தவர். தமிழகத்துச் சிற்றூர்களில் மழைக்கு முன் ஊரார் ஒன்றுகூடி ஏரியின் கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலில் படிந்த மண்ணை அகற்றிய வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். மலாய்க் கம்பங்களில் ‘கோத்தோங் ரோயோங்’ என வழங்கும் கூட்டுழைப்பும் அதுவே. பெயர் வேறாயினும், பொதுநீருக்குப் பொதுக்கை வேண்டும் என்னும் கருத்து ஒன்றே. இன்று அப்பணியை மன்றங்களும் துறைகளும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் வடிகாலில் நெகிழிப்பையை எறியும் கையை எத்துறையும் தடுத்து நிறுத்திவிட முடியாது.

அரசு ஏடுகளில் ஆற்றின் அளவும் இடம் பெயர்ந்தோர் தொகையும் பதிவாகின்றன. எந்த லயம் எத்தனை அடி மூழ்கியது, எந்தக் கோயில் மண்டபத்தில் மக்கள் தங்கினர், எந்த மேட்டுக்கு மாடுகளை ஓட்டிச் சென்றனர், எந்தப் பாலம் முதலில் மறைந்தது என்பன போன்ற செய்திகள் முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அந்த நினைவும் அவர்களோடு கலைந்து போகிறது. மறந்துவிட்ட ஊர் அதே பள்ளத்தில் மீண்டும் வீடு கட்டும். அதே சங்கொலியைக் கேட்டும், ‘போனமுறை இவ்வளவு தூரம் வரவில்லையே’ என்று தயங்கி நிற்கும். அத்தயக்கமே உயிர்களைக் கொள்கிறது.

இந்நினைவைக் காப்பதில் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பணி ஒன்று காத்திருக்கிறது. ஆற்றங்கரை வட்டாரத்துப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு வெள்ளக் குறிப்பேட்டைப் பேணலாம். பாட்டனையும் பாட்டியையும் கேட்டு, அவர்கள் கண்ட வெள்ளங்களின் ஆண்டையும் அளவையும் தப்பிய வழியையும் மாணவர் எழுதலாம். கட்டுரைப் பயிற்சியும் அதனால் நிறைவேறும். ஊர்க் காவலும் நிறைவேறும். பனிநாட்டார் முதற்பனிக்கு முன்பே உப்பைச் சேர்த்து வைக்கின்றனர். ஜொகூரின் ஆற்றங்கரையார் அதேபோல், அடுத்த மழைக்கு முன்பே தம் நினைவைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

கோத்தா திங்கி மக்களுக்கு 2007ஆம் ஆண்டில் கிடைத்த இடைவெளி மூன்று வாரங்களே. வெள்ளத்திற்கும் வெள்ளத்திற்கும் இடையே அமையும் காலம் சிலபோது மூன்று வாரம், சிலபோது நான்கு ஆண்டு, சிலபோது ஒரு தலைமுறை. அதன் நீளம் எவர் கையிலும் இல்லை. அந்த இடைவெளியில் வடிகாலைத் துப்புரவு செய்வதும், மேட்டுக்குச் செல்லும் வழியைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுப்பதும் மக்கள் கையில்தான் இருக்கின்றன.